ஆறாம் அத்தியாயம்: பொதுநல ஸ்தாபனங்களில் பேச்சும் எழுத்தும்

வியாபாரக் கம்பெனி ஒன்றில் மேலதிகாரியின் கட்டளை சற்றே தெளிவில்லாமல் இருந்தாலும், மாதம் பிறந்தால் கைக்கு வரும் சம்பளத்தையும் அடுத்த பதவி உயர்வையும் எண்ணி, ஊழியர் நாலு பேரைக் கேட்டாவது அதன் பொருளைத் தெரிந்துகொண்டு வேலையை முடித்துவிடுவார். முதியோர் இல்லம், கிராம நூலகம், மகளிர் சுய உதவிக் குழு, இரத்ததானக் கழகம், மாலை நேர இலவசப் பாடசாலை முதலிய பொதுநல ஸ்தாபனங்களின் நிலைமை அப்படிப்பட்டதன்று. அங்கே உழைப்பவர்களில் பலர் ஒரு காசும் பெறாதவர்கள். சம்பளம் பெறுகிறவர்களும், வேறிடத்தில் இதைவிட அதிகம் கிடைக்கும் என்று அறிந்திருந்தும், எடுத்துக்கொண்ட காரியத்தின் மேலுள்ள பற்றினால் தங்கியிருப்பவர்கள். இத்தகையோரை ஓரிடத்தில் சேர்த்து நிறுத்துவது நம்பிக்கை ஒன்றே. அந்த நம்பிக்கையோ, தம்மிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய காலத்தில் சொன்னார்கள், தாம் சொன்னதையும் காது கொடுத்துக் கேட்டார்கள் என்ற அனுபவத்திலிருந்தே பிறக்கிறது.

முந்திய அத்தியாயங்களில் சங்கத்தைப் பதிவு செய்யும் முறையையும், நிதி திரட்டும் வழிகளையும், கணக்கு எழுதும் விதத்தையும் பார்த்தோம். இவையெல்லாம் ஒழுங்காக இருந்தும் கலைந்துபோன சங்கங்கள் நம் ஊர்களில் உண்டு. பணமுடையே அதற்குக் காரணம் என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் ஆழ்ந்து விசாரித்தால், பணம் குறைவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே பேச்சு குறைந்துபோயிருப்பது தெரியவரும். ஆகையால், இந்த அத்தியாயத்தின் விதியை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: ஒரு செய்தி வாயிலிருந்து புறப்பட்டவுடனோ, காகிதத்தில் எழுதப்பட்டவுடனோ முடிந்துவிடுவதில்லை, சேர வேண்டியவரைச் சேர்ந்து, அவருடைய பதில் திரும்பி வந்த பிறகே முடிகிறது. இனி வருவன எல்லாம் இந்த ஒரு விதியின் விரிவே.

1. செய்தி யாரைச் சேர வேண்டும்?

பொதுநல ஸ்தாபனம் எதுவாயினும், அதைச் சேர்ந்தவர்களை ஐந்து வகுப்பினராகப் பிரித்துப் பார்க்கலாம். நிர்வாகக் குழுவினர், சம்பளம் பெறும் ஊழியர், தொண்டர், நன்கொடையாளர், யாருக்காக அந்த ஸ்தாபனம் நடத்தப்படுகிறதோ அந்த மக்கள் என்போர் அவர்கள். இவர்களில் முதல் வகுப்பினருக்குச் செய்தி தானாகவே கிடைத்துவிடுகிறது. கடைசி வகுப்பினருக்கோ பெரும்பாலும் கிடைப்பதே இல்லை. ஏரி நிரம்பியிருந்தும் கடைமடை வயல் காய்ந்து கிடக்குமானால் அந்தப் பாசனத்தை எப்படி நல்ல பாசனம் என்று சொல்ல முடியாதோ, அப்படியே நிர்வாகக் குழுவில் எல்லோரும் எல்லாவற்றையும் அறிந்திருந்தும் சமையற்கார அம்மாளுக்கும் இரவுக் காவலருக்கும் ஒன்றும் தெரியாத ஸ்தாபனத்தை நன்கு நடைபெறும் ஸ்தாபனம் என்று சொல்ல முடியாது.

உதாரணமாக, ஒரு முதியோர் இல்லத்தில் உறவினர் வந்து பார்க்கும் நேரத்தை மாலையிலிருந்து காலைக்கு மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குழுவில் தீர்மானம் நிறைவேறிவிட்டது, காப்பாளருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் வாயிற்காவலரிடம் எவரும் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து இரண்டு பஸ் மாறி மாலையில் வந்து சேரும் மகளுக்கும் எவரும் எழுதவில்லை. அவள் வாசலோடு திருப்பி அனுப்பப்படும்போது, அந்த இல்லம் எத்தனை ஆண்டுகள் எத்தனை பேருக்குச் சோறு போட்டிருந்தாலும், அன்றைக்கு அவள் மனத்தில் அது இரக்கமற்ற இடமாகவே பதிந்துவிடுகிறது.

ஆகவே, வாசகர்கள் தங்கள் ஸ்தாபனத்தில் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். கடைசியாக எடுக்கப்பட்ட ஏதாவது ஒரு முக்கியமான முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் இந்த ஐந்து வகுப்பினரையும் வரிசையாக எழுதி, ஒவ்வொருவருக்கும் அந்த முடிவை யார் சொன்னார், எப்போது சொன்னார், எந்த வழியில் சொன்னார், அவர் என்ன பதில் சொன்னார் என்று குறித்துப் பாருங்கள். எந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறதோ அங்கேதான் அடுத்த மனஸ்தாபம் உற்பத்தியாகிறது.

2. கூட்டம் கூட்டும் முறை

தமிழ்நாட்டில் சங்கங்கள் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவாகின்றன. சங்கம் ஒன்றை அமைக்க ஏழு பேராவது வேண்டும் என்று விதித்த அந்தச் சட்டம், சங்கத்தின் அடிப்படையைத் தொடும் விஷயங்களுக்கு விசேஷத் தீர்மானம் வேண்டும் என்றும், அதற்குக் குறைந்தது 21 நாள் முன்னறிவிப்போடு கூடிய பொதுக்குழுவில், வந்திருக்கும் வாக்குரிமையுள்ள அங்கத்தினரில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாதவர்களின் சம்மதம் வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த 21 நாளை வெறும் சம்பிரதாயம் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் அங்கத்தினர் லீவு சொல்லிவிட்டு வரவும், விஷயத்தை அறியாதவர் அறிந்தவரிடம் கேட்டுத் தெளியவும், மாறுபட்ட அபிப்பிராயம் உள்ளவர் தம் நியாயங்களைச் சேகரித்துக்கொள்ளவும் வேண்டிய அவகாசம் அது. சட்டம் நிர்ப்பந்திக்காத சிறு குழுக் கூட்டங்களுக்கும் ஒரு வார அவகாசம் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொள்வது நலம்.

அறிவிப்பில் நாள், கிழமை, நேரம், இடம் ஆகியவற்றோடு நிகழ்ச்சி நிரலும் இருக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலில் உள்ள ஒவ்வொரு விஷயத்தின் எதிரிலும், அது தகவலுக்காகவா, ஆலோசனைக்காகவா, முடிவுக்காகவா என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால், கூட்டத்தின் நேரம் பாதியாகக் குறையும். ‘இதரவை’ என்ற தலைப்பின்கீழ் முக்கியமான விஷயத்தை நுழைத்து, எழுந்து போகும் அவசரத்தில் நிறைவேற்றிக்கொள்ளும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். ஒரு மாதிரி அறிவிப்பு வருமாறு:

“அன்புடையீர், நமது நூலகச் சங்கத்தின் நிர்வாகக் குழு வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு நூலகக் கட்டிடத்தில் கூடும். விஷயங்கள்: (1) சென்ற கூட்ட நடவடிக்கைகளை உறுதி செய்தல் – முடிவுக்கு. (2) சென்ற மாத வரவு செலவு – தகவலுக்கு. கணக்கு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. (3) நூலகத்தை இரவு 8 மணி வரை திறந்து வைப்பது – ஆலோசனைக்கு. (4) பழுதான மேற்கூரையைச் சீர்செய்ய வந்துள்ள மூன்று விலைப்புள்ளிகள் – முடிவுக்கு. வர இயலாதவர்கள் மூன்றாம் நான்காம் விஷயங்களைப் பற்றித் தங்கள் அபிப்பிராயத்தைச் சனிக்கிழமைக்குள் எழுத்து மூலமாகவோ தொலைபேசியிலோ தெரிவிக்க வேண்டுகிறேன். – காரியதரிசி.”

கூட்டத்தின் நேரமும் இடமும் கூட ஒரு செய்தியைத் தாங்கியிருக்கின்றன. மகளிர் பெரும்பான்மையாக உள்ள குழுவை இரவு ஏழு மணிக்குக் கூட்டினால், வீட்டில் உலை வைக்க வேண்டியவர்களும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும் வரமாட்டார்கள். வராதவர்களும் சம்மதித்ததாகவே பின்னர் எழுதப்படும். ஊரில் ஒரு சாரார் நுழையத் தயங்கும் தெருவிலோ மண்டபத்திலோ கூட்டம் வைத்தால், அழைப்பிதழில் என்ன எழுதியிருந்தாலும் அவர்கள் அழைக்கப்படவில்லை என்பதே பொருள்.

கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவருடைய கடமை, தாம் பேசுவதைக் காட்டிலும் பிறரைப் பேச வைப்பதே ஆகும். தலைவர் முதலில் தம் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டால், வயதிலும் அனுபவத்திலும் இளையவர்கள் மரியாதையின் நிமித்தம் வாய் திறக்கமாட்டார்கள். ஆதலால் இளையவர்களையும் புதியவர்களையும் முதலிலும், மூத்தவர்களை அடுத்தும், தலைவரைக் கடைசியிலும் பேசச் செய்வது உத்தமமான வழக்கம். சுவரோரமாக உட்கார்ந்திருப்பவரைப் பெயர் சொல்லி, “உங்கள் வார்டில் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள், அம்மா?” என்று குறிப்பாகக் கேட்டால் பயனுள்ள பதில் வரும், “யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா?” என்று பொதுவாகக் கேட்டால் மௌனமே வரும்.

3. நடவடிக்கைக் குறிப்பு

கூட்டத்தில் பேசியதை எல்லாம் எழுத வேண்டியதில்லை; முடிவு செய்ததை எழுதாமல் விடவும் கூடாது. ஒவ்வொரு முடிவுக்கும் நான்கு விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: செய்ய வேண்டியது என்ன, செய்பவர் யார், எந்தத் தேதிக்குள், எவ்வளவு செலவில். ‘மேற்கூரையைச் சீர்செய்ய ஆவன செய்யலாம் எனத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதினால் அடுத்த மழையிலும் கூரை ஒழுகும். ‘இரண்டாம் விலைப்புள்ளியை ஏற்று, 18,000 ரூபாய்க்கு மேற்படாமல், இம்மாதம் 25-ஆம் தேதிக்குள் வேலையை முடிக்கும் பொறுப்பு உதவிக் காரியதரிசியிடம் ஒப்படைக்கப்பட்டது’ என்று எழுதினால் வேலையும் நடக்கும், நடக்காவிட்டால் யாரைக் கேட்பது என்பதும் தெரியும். மாறுபட்டவர் விரும்பினால் அவருடைய மறுப்பையும் காரணத்தோடு பதிவு செய்ய வேண்டும். தம் சொல் ஏட்டில் ஏறியது என்ற திருப்தியுடன் அவர் பெரும்பான்மையின் முடிவுக்குக் கட்டுப்பட்டு உழைப்பார்.

எழுதியதை அந்தக் கூட்டத்திலேயே உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். இது புதிய உபதேசம் அன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், உத்தரமேரூர்ச் சபையார், வாரியங்கள் என்ற குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுப்பதற்காகக் கல்லில் வெட்டி வைத்த குடவோலை விதிகளைப் படித்தவர்கள் இதை அறிவார்கள். ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு பாலனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அந்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, எல்லோரும் கேட்கும்படி வாசித்தான். அவன் வாசித்த அதே ஓலையை அங்கிருந்த நம்பிமார் என்ற பூசகர்கள் எல்லோரும் மறுபடி வாசித்தார்கள். முன்பு வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடவே கூடாது என்றும் விதித்தார்கள். அந்தச் சபையில் இடம் பெறும் தகுதி ஒரு சிலருக்கே இருந்தது. அந்தக் குறையை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் வாசித்ததைப் பலர் வாசித்து உறுதி செய்யும் அந்தப் பழக்கம் இன்றைய சங்கங்களுக்கும் பொருத்தமானதே.

நம் காலத்து உதாரணமும் உண்டு. 1989-இல் சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் பின்னர் தமிழ்நாடு முழுவதும் பரவின. பன்னிரண்டு முதல் இருபது பேர் கொண்ட இக்குழுக்களுக்கு, தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், காலத்தில் திருப்பிச் செலுத்துதல், ஒழுங்கான பதிவேடு என்ற ஐந்தும் பஞ்ச சூத்திரங்களாகப் போதிக்கப்படுகின்றன. எழுதப் படிக்கத் தெரியாத அங்கத்தினர் பலர் இருந்தும் நல்ல குழுக்களில் கணக்குத் தகராறு எழாமைக்குக் காரணம், அன்றைய சேமிப்பும் கடனும் தவணையும் பெயர் பெயராக எல்லோர் முன்னிலையிலும் படிக்கப்படுவதே. குழுவை நடத்தும் ஊக்குநர் மட்டும் அறிந்த கணக்கு எவ்வளவு யோக்கியமானதாக இருந்தாலும் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும்.

4. அழைக்கும் விதம்

தமிழில் பேசும்போது வாக்கியத்தின் வினைமுற்றிலேயே மரியாதை வெளிப்பட்டுவிடுகிறது. நன்கொடையாளரை “வாருங்கள், உட்காருங்கள்” என்று உபசரித்த அதே மேஜையில், உதவி நாடி வந்த மூதாட்டியை “என்ன வேணும், சொல்லு” என்று கேட்பது, சுவரில் மாட்டியிருக்கும் கொள்கைப் பலகை அனைத்தையும் பொய்யாக்கிவிடும். துப்புரவு செய்பவர் ஐம்பது வயதினராக இருக்க, அவரை இருபத்தைந்து வயது அதிகாரி பெயர் சொல்லி ஒருமையில் அழைப்பதும், அவருடைய பெயரே தெரியாமல் வேலையின் பெயரால் அழைப்பதும் நம் அலுவலகங்களில் ஊறிப்போன தீய வழக்கங்கள். சாதியும் செல்வமும் பார்த்து மரியாதையை அளந்து கொடுத்த பழைய காலத்தின் மிச்சமே இது. சமூக சேவைக்கென்று தோன்றிய இடத்தில் அதற்குச் சிறிதும் இடம் இருக்கக் கூடாது.

இதற்குச் சிக்கலான விதிகள் தேவையில்லை. அலுவலகத்தில் பிறர் அனைவரையும், பள்ளிச் சிறுவர்களைத் தவிர, “நீங்கள்” என்றே அழைப்பது என்று குழுவில் ஒரு தீர்மானமாகவே நிறைவேற்றிக்கொள்ளலாம். அக்கா, அண்ணன், அம்மா, ஐயா என்ற உறவுச் சொற்கள் நம் மக்களுக்கு இயல்பானவை. அவற்றால் நெருக்கம் உண்டாகிறது. ஆனால் “அக்கா சொன்னால் தம்பி தட்டமாட்டான்” என்று, அந்த உறவைக் காட்டி விடுமுறை நாளில் வேலை வாங்குவதும், நிலுவைச் சம்பளத்தைக் கேட்க வாயெடுக்காமல் செய்வதும் அன்பைத் தவறாகப் பயன்படுத்துவதாகும். வேலை, நேரம், ஊதியம் என்பவற்றைப் பற்றிய பேச்சில் உறவுமுறையைக் கலக்காமல், எழுத்தில் உள்ள நிபந்தனைகளையே ஆதாரமாகக் கொள்ள வேண்டும்.

5. கடிதமும் கைபேசியும்

இன்று பெரும்பாலான சங்கங்களின் பேச்சு வாட்ஸ்அப் குழுக்களில் நடைபெறுகிறது. விரைவும் சிக்கனமும் உள்ள அந்தச் சாதனத்தை வேண்டாம் என்று சொல்வது விவேகமன்று. அதற்கு எல்லை வகுப்பதே விவேகம். அறிவிப்புகளுக்கு ஒரு குழுவும், கலந்துரையாட மற்றொரு குழுவும் தனித்தனியே இருக்கட்டும். காலை வணக்கப் படங்களுக்கிடையே ரத்தம் வேண்டுவோரின் விண்ணப்பம் மூழ்கிப்போக விடலாகாது. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, உயிர் காக்கும் அவசரம் தவிர, எதையும் அனுப்புவதில்லை என்று முடிவு செய்துகொள்ளலாம். படித்ததற்கு அடையாளமாக நீலக் கோடுகள் தோன்றிவிட்டதனாலேயே ஒருவர் சம்மதித்துவிட்டார் என்று எண்ணக் கூடாது. எழுத்தைப் படிக்கச் சிரமப்படும் உறுப்பினருக்குக் குரல் பதிவாகவும், கைபேசியே இல்லாதவருக்கு ஆள் மூலமாகவும் அதே செய்தி சேர வேண்டும்; அந்தப் பொறுப்பை ஏற்கும் நபரின் பெயர் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

பணம், பொறுப்பு, நியமனம், விலகல், குற்றச்சாட்டு என்ற ஐந்தையும் பற்றிய செய்தி கைபேசியில் தொடங்கினாலும் கடிதத்தில்தான் முடிய வேண்டும். தொலைபேசியில் பேசி முடிவு செய்த விஷயத்தை அன்றைக்கே, ‘இன்று காலை தாங்களும் நானும் பேசியபடி...’ என்று தொடங்கும் நான்கு வரிக் கடிதமாக எழுதி அனுப்பிவிட்டால், ஆறு மாதம் கழித்து “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்ற வருத்தத்துக்கு இடமிராது. கடிதம் எழுதுகிறவர், முதல் பத்தியிலேயே எதற்காக எழுதுகிறோம் என்பதைச் சொல்லி, இரண்டாவதில் விவரங்களைத் தந்து, கடைசியில் எதிராளி என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்பதைக் குறித்து முடிக்க வேண்டும். வந்த கடிதத்துக்கு உடனே தீர்வு சொல்ல இயலாமற்போகலாம். ‘கிடைத்தது, இந்தத் தேதியில் பதில் தருகிறோம்’ என்று எழுதுவதற்கு இயலாத ஸ்தாபனம் எதுவும் இல்லை.

உதவி பெறும் குழந்தைகளின் முகத்தையும், நோயாளியின் விவரத்தையும், கடன் தவணை தவறியவரின் பெயரையும் குழுவில் போட்டுவிடுவது மன்னிக்கத் தகாத பிழை. உதவி பெற்றதற்கு விலையாக ஒருவர் தம் மானத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

6. தொண்டர்களுக்குச் சொல்ல வேண்டியவை

தொண்டர் ஒருவர் முதல் நாள் வந்தவுடன், “ஏதாவது செய்யுங்கள், எதுவானாலும் உதவிதான்” என்று சொல்வது பணிவைப்போலத் தோன்றினாலும் உண்மையில் அலட்சியமே. எந்த வேலை, வாரத்தில் எத்தனை மணி நேரம், யாரைக் கேட்க வேண்டும், பஸ் செலவு கிடைக்குமா, எதைச் செய்யக் கூடாது, விலக விரும்பினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற விவரங்களை ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிட வேண்டும். மாலைப் பாடசாலைக்குக் கணக்குச் சொல்லித்தர வந்த கல்லூரி மாணவரை நாற்காலி அடுக்கச் சொன்னால் இரண்டு முறை அடுக்குவார். மூன்றாம் முறை வரமாட்டார். ஏன் வரவில்லை என்று அவரும் சொல்லமாட்டார், நாமும் கேட்பதில்லை.

அவருடைய உழைப்பின் பயனை அவரிடம் சொல்வதும் கடமை. “நீங்கள் சொல்லித்தந்த பிள்ளைகள் இப்போது வகுத்தல் கணக்கைத் தாமாகவே போடுகிறார்கள்” என்ற ஒரு வாக்கியம், ஆண்டு விழா மேடையில் போடும் பொன்னாடையைவிட அதிக காலம் அவரை நம்மோடு நிறுத்தும். குறை சொல்ல நேர்ந்தால் தனியாகவும் உடனடியாகவும் சொல்ல வேண்டும். ஆளைப் பற்றிச் சொல்லாமல் செயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்த முறை எப்படிச் செய்யலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

7. களத்திலிருந்து மேலே வரும் சொல்

மேலிருந்து கீழே செல்லும் செய்தியைப் பற்றியே இதுவரை அதிகம் சொன்னோம். கீழிருந்து மேலே வரும் சொல் அதைக்காட்டிலும் அருமையானது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த ஆழிப்பேரலை, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாக உதவி வந்தது. கேளாமலே அனுப்பப்பட்ட பழைய துணிகள், உடுத்துவார் இன்றிச் சாலையோரங்களில் குவியல் குவியலாகக் கிடந்தன. கொடுத்தவர்களின் இருதயத்தில் குறை இல்லை. மீனவக் குடும்பங்களுக்கு அப்போது தேவைப்பட்டது என்ன என்று கேட்டு, அந்தப் பதிலைக் கொடுப்பவர்களிடம் கொண்டு சேர்க்கும் வழிதான் முதல் நாட்களில் இல்லை.

அந்த வழியை உண்டாக்கியதே பின்னர் நடந்த நற்காரியம். அப்பகுதியில் முன்பே வேலை செய்துவந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும், ஸ்நேகா என்ற அமைப்பும் முன்னின்று, மாவட்ட நிர்வாகத்தின் ஒத்துழைப்போடு, தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை ஏற்படுத்தின. எந்தக் கிராமத்தில் யார் இருக்கிறார்கள், எங்கே எது மிகுந்திருக்கிறது, எங்கே எது குறைகிறது என்ற தகவல் ஓரிடத்தில் திரண்டது. ஊர்ப் பஞ்சாயத்தாரின் வாயிலாக மீனவர் குப்பங்களிலிருந்து வந்த சொல்லுக்கு மேலே இருந்தவர்கள் காது கொடுக்க ஓர் இடம் கிடைத்தது. பணமும் பண்டமும் ஏராளமாக இருந்த இடத்திலேயே தகவல் இத்துணை அவசியமாயிற்று என்றால், இரண்டும் குறைவாக உள்ள நம் சிறு சங்கங்களுக்கு அது எவ்வளவு அவசியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே களப்பணியாளரிடம், “எத்தனை வீடு பார்த்தீர்கள்?” என்று எண்ணிக்கையை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், “மக்கள் என்ன சொன்னார்கள்? நாம் செய்வதில் அவர்களுக்குப் பிடிக்காதது எது?” என்றும் மாதந்தோறும் கேட்க வேண்டும். கெட்ட செய்தி கொண்டுவந்தவரைக் கடிந்துகொள்ளும் தலைவருக்கு அடுத்த மாதத்திலிருந்து நல்ல செய்தி மட்டுமே வரும். அதை நம்பி அவர் எடுக்கும் முடிவுகள் அனைத்தும் தவறிப்போகும். மக்கள் சொன்ன யோசனையை ஏற்க இயலாதபோது, ஏன் இயலவில்லை என்று அவர்களிடம் திரும்பிச் சென்று சொல்வதும் இந்தக் கடமையில் சேர்ந்ததே.

8. கணக்குச் சொல்வது

காந்தியடிகள் 1894-இல் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்கியபோது, சந்தா வாங்குவதில் உள்ள சிரமத்தை முதலில் அனுபவித்தார். மாதச் சந்தாவுக்காக ஒவ்வொருவரையும் தேடிச் செல்வது இயலாத காரியம் என்று கண்டு ஆண்டுச் சந்தாவாக மாற்றினார். எவ்வளவு சிறிய தொகையானாலும் ரசீது கொடுக்காமல் வாங்குவதில்லை என்பதில் கண்டிப்பாக இருந்தார். பொது ஸ்தாபனத்துக்குச் சுத்தமான கணக்கு இன்றியமையாதது என்பதைத் தம் சுயசரிதையில் வற்புறுத்தி எழுதியிருக்கிறார். ரசீது என்பது, “உம்முடைய பணம் எங்களை வந்து சேர்ந்தது” என்று சங்கம் சொல்லும் முதல் வார்த்தை. அதன்பின் ஆண்டுக்கு இரு முறையேனும், வந்தது எவ்வளவு, செலவானது எதற்கு, மீதம் எங்கே இருக்கிறது, எண்ணியபடி நடக்காதது எது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, நூறு ரூபாய் தந்தவருக்கும் லட்சம் தந்தவருக்கும் ஒரே விதமாக அனுப்ப வேண்டும். அதே கணக்கை ஊழியர்களும் உதவி பெறுவோரும் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

9. மனஸ்தாபமும் முறையீடும்

நல்ல நோக்கம் கொண்ட மனிதர்கள் கூடிய இடத்தில் சண்டை வராது என்று எண்ணுவது தவறு. நோக்கத்தில் பற்று மிகுந்திருப்பதனாலேயே வார்த்தை தடிப்பதும் உண்டு. இருவருக்குள் மனஸ்தாபம் ஏற்பட்டால், முதலில் இருவரும் நேரில் பேசட்டும். தீராவிட்டால் இருவரும் மதிக்கும் மூன்றாமவர் ஒருவர் முன்னிலையில் பேசட்டும். அதற்குப் பின்னும் தீராவிட்டால் எழுத்து மூலமாகக் குழுவுக்கு வரட்டும். இந்த வரிசையை முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிவித்துவிட்டால், தேநீர்க் கடையில் நடக்கும் விசாரணைகள் குறையும்.

ஆனால் பாலியல் தொந்தரவு பற்றிய முறையீட்டை இந்த வரிசையில் சேர்க்கவே கூடாது. “பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்று பாதிக்கப்பட்டவரிடம் சொல்வது அநீதி. 1992-இல் ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற கிராம அளவிலான பெண் பணியாளர் ஒருவருக்கு இழைக்கப்பட்ட கொடுமையே, பணியிடங்களில் பாலியல் தொந்தரவைத் தடுப்பது பற்றிய 1997-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற விசாகா தீர்ப்புக்கும், 2013-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் காரணமாயிற்று. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடம் ஒவ்வொன்றிலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் தலைமை ஒரு பெண்ணிடம் இருக்க வேண்டும். உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்களாகவும், ஒருவர் வெளியிலிருந்து வருபவராகவும் இருக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. ஊதியமின்றித் தொண்டு செய்பவரையும் அது பணியாளராகவே கருதுகிறது என்பதைப் பல சங்கங்கள் அறிந்திருக்கவில்லை. சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் தரலாம். விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவிலான குழு உண்டு. இந்த விவரங்களும் குழுவினரின் தொலைபேசி எண்களும் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதி வைக்கப்பட வேண்டும்.

10. இந்த மாதமே தொடங்க வேண்டியவை

படித்ததை எல்லாம் ஒரே நாளில் நடைமுறைக்குக் கொண்டுவர முயன்றால் எதுவும் நிலைக்காது. முதல் மாதத்தில், அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை ஒரு வாரம் முன்பே அனுப்பி, முடிவுகளை அங்கேயே எழுதிப் படித்துக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டாம் மாதத்தில், ஒவ்வொரு தொண்டருக்கும் அவருடைய பணி விவரத்தை எழுதிக் கொடுங்கள். மூன்றாம் மாதத்தில், உங்களிடம் உதவி பெறும் பத்துப் பேரைத் தனித்தனியே சந்தித்து, அவர்கள் சொல்வதை எழுதி வந்து, குழுவில் அப்படியே வாசியுங்கள். இவற்றுக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை; ஒரு நோட்டுப் புத்தகமும், சிறிது காலமும், பிறரைச் சமமாக எண்ணும் மனமும் போதும்.

பொதுப்பணியில் இறங்கிய எவரும் தம் ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர்களிடம் எதையும் மறைத்து நடத்தும் உரிமை பெற்றவர் அல்லர். வாசகர்களே, இன்றைக்கு உங்கள் மேஜையில் பதில் எழுதப்படாமல் இருக்கும் கடிதம் ஏதேனும் இருந்தால், அடுத்த அத்தியாயத்துக்குப் போகுமுன் அதற்குப் பதில் எழுதிவிடுங்கள்.